ஸுகிஸுகியும் விண்விண்ணும் – கடிதம்

அன்புள்ள சார்,

நகோயாவில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். பித்தப்பையில் கல். அடுத்த மாதம் லேப்ராஸ்கோபி செய்து எடுத்துவிடலாம் என்கிறார்கள். என் ஜப்பானிய மொழி கடைக்குப் போய்வர மட்டும்தான் காணும். போன வாரம் டாக்டர் என்ன கேட்டாலும் வலிக்கிறது என்பதற்கான 'இதாய்' ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கூட வேலை செய்யும் நண்பர் மொழிபெயர்க்க வருகிறேன் என்கிறார். மனைவியோ பேசாமல் மதுரைக்கு வந்துவிடுங்கள் என்கிறாள். நீங்கள் பல வருடம் அங்கே இருந்தவர். என்ன செய்யட்டும்?

ம., நகோயா

அன்புள்ள ம.,

உங்கள் 'இதாய்'யைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். யோகோஹாமாவில் எனக்கு அப்பெண்டிக்ஸ் வந்த இரவு நானும் அதையேதான் ஜபித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் விடவில்லை. "ஸுகிஸுகியா? கிரிகிரியா? ச்சிகுச்சிகுவா?" என்றார். வலியில் சுருண்டு கிடப்பவனிடம் என்ன குழந்தைப் பாட்டு என்று எனக்குக் கோபம். செல்போனில் 'வயிற்றைப் பிசைகிறது' என்று தமிழில் தட்டி மொழிபெயர்த்துக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, மாவு பிசைவதுபோல் கையை அசைத்து, "யார்?" என்று கேட்டார்.

அப்புறம்தான் தெரிந்தது, ஜப்பானியர்கள் வலியை இரட்டைக்கிளவியில் சொல்கிறவர்கள். நாடியோடு சேர்ந்து தெறிப்பது ஸுகிஸுகி, நம் விண்விண். ஊசி குத்துவது ச்சிகுச்சிகு, நம் சுருக்சுருக். வயிற்றைத் திருகிக் குடைவது கிரிகிரி. சிராய்ப்பு எரிவது ஹிரிஹிரி. எனக்குப் பிடித்தது ஷிகுஷிகு. பெரிதாகவும் இல்லாமல், விடாமலும் வயிற்றில் இருந்துகொண்டே இருக்கும் வலி அது. குழந்தை விசும்பி அழுவதற்கும் அவர்களிடம் அதே சொல்தான்.

இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல் கொட்டிக் கிடக்கிறது. நாம்தான் நடுவில் ஆங்கிலத்தைப் போட்டு எல்லாவற்றையும் 'பெயின்' ஆக்கிவிடுகிறோம். அதனால் இன்று இரவே உட்கார்ந்து உங்கள் வலியைத் தமிழில் எழுதுங்கள். எங்கே ஆரம்பிக்கிறது, வலது தோள்பட்டைக்கு ஏறுகிறதா, எண்ணெய்ப் பண்டம் தின்ற பிறகு வருகிறதா, குடைச்சலா குத்தலா. எழுதியபின் மேலே சொன்னவற்றில் எது பொருந்துகிறது என்று பாருங்கள். இலக்கணம் வேண்டாம், அந்த ஒரு சொல்லும் விரலால் சுட்டும் இடமும் போதும். கனகாவா இன்டர்நேஷனல் ஃபவுண்டேஷனின் பலமொழி மருத்துவக் கேள்வித்தாளில் தமிழும் உண்டு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழைப் படித்து டிக் அடித்துக் கொடுத்தால், பக்கத்திலேயே இருக்கும் ஜப்பானிய வரியை அவர்கள் படித்துக்கொள்வார்கள்.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் ஒரு நண்பர் வந்தார், தங்கமான மனிதர். டாக்டர் படம் வரைந்து ஐந்து நிமிடம் விளக்கினார். நண்பர் என் பக்கம் திரும்பி, "ஒண்ணுமில்ல, சின்ன ஆபரேஷன்தான், பயப்படாதீங்க" என்றார். நானும் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டேன். மயக்கம் தெளிந்து பார்த்தால் வயிற்றிலிருந்து ஒரு குழாய் தொங்குகிறது. ஏதோ தப்பாகிவிட்டது என்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. சீழ் வடியக் குழாய் வைக்க வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தாராம். "உங்களை எதுக்குப் பயமுறுத்தணும்னுதான் சொல்லல" என்றார் நண்பர். நம் ஊரில் நோயாளியிடம் சொந்தக்காரர்கள் எப்படி நடந்துகொள்வார்களோ, அப்படித்தான் அவரும் நடந்துகொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவர் அன்று மொழிபெயர்ப்பாளர் இல்லை.

மருத்துவ மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இப்போதே கேட்டுவையுங்கள். நேரில் ஆள் இல்லாவிட்டாலும் போன் வழியாக ஏற்பாடு செய்யும் ஆஸ்பத்திரிகள் உண்டு. தமிழுக்குக் கிடைப்பது கஷ்டம், ஆங்கிலத்துக்குக் கிடைக்கலாம். நண்பரும் வரட்டும். சேரும்போது உத்தரவாதக் கையெழுத்துப் போட ஓர் ஆளைக் கேட்பார்கள், அங்கே அவர் பெரிய உதவி.

மதுரைக்குப் போவதா என்பதை டாக்டரையும் கேட்டு நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பணத்துக்காக மட்டும் என்றால் அவசியமில்லை. காப்பீட்டில் உங்கள் பங்கு 30 சதவீதம், அதற்கும் மாத உச்சவரம்பு இருக்கிறது. துணைக்கு ஆள் வேண்டுமே என்பது மனைவியின் கவலையாக இருந்தால், ஜப்பான் ஆஸ்பத்திரிகளில் பொதுவாக யாரையும் துணைக்குப் படுக்க விடமாட்டார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். எல்லாம் நர்சுகளே பார்த்துக்கொள்வார்கள். முதலில் வரும் சாப்பாடு ஒகாயு, அதாவது நம் கஞ்சி. சைவம் என்றால் மீன் சாறு கலக்க வேண்டாம் என்று முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள், மிசோ சூப்பில் தெரியாமல் உள்ளே போய்விடும்.

குழாய்க்கு அவர்கள் சொல்லும் சொல் 'தொரேன்'. அது வைப்பார்களா என்று கையெழுத்துப் போடும் முன் நீங்களே உங்கள் வாயால் கேட்டுவிடுங்கள்.