காய்ச்சினால் ஈயம் போகுமா?

கேள்வி: குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். அது போதுமா?

பதில்: கிருமிகளுக்குப் போதும், தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கட்டும். ஆனால் ஈயமும், உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் நீரில் கலக்கும் நைட்ரேட் உப்பும் போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அவற்றின் அடர்த்தி கூடவே செய்யும்.

ஈயம் பெரும்பாலும் பழைய ஈயக் குழாய், பற்றவைத்த இணைப்பு, பித்தளைக் குழாய்முனை ஆகியவற்றிலிருந்து, இரவெல்லாம் தேங்கிய நீரில் கரைகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நிறமோ சுவையோ காட்டிக்கொடுக்காது. காலையில் சில நிமிடம் திறந்துவிட்டபின் குடிக்கப் பிடியுங்கள். சமையலுக்குச் சுடுநீர்க் குழாய் வேண்டவே வேண்டாம். வெந்நீரில் ஈயம் அதிகம் கரையும். குழாய்முனை வலையில் துகள் தங்கும், கழற்றிக் கழுவுங்கள்.

பரிசோதனைக்கு மட்டும் காலையின் முதல் நீரையே பிடியுங்கள். ஓடவிட்டுப் பிடித்தால் அளவு குறைத்துக் காட்டும். கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்கும் வீடுகள் இச்சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.