கையெழுத்து வாங்கிவிட்டீர்களா?

ஒரு பருவம் மட்டும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே ஒரு இன்டர்ன்ஷிப்பும் செய்துவிட்டுத் திரும்புவது பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தோம். நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: ஐந்து மாதத்துக்குள் படிப்பு, இன்டர்ன்ஷிப் இரண்டையும் முடிக்க முடியுமா? சீனியர்கள் எல்லாரும் ஈஸி என்கிறார்கள்.

முடியும். ஆனால் ஈஸி என்று சொன்ன சீனியரிடம் அவர் அங்கே எத்தனை கிரெடிட் எடுத்தார் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஒரு பருவத்துக்கு வழக்கமான சுமை 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, வகுப்பில் உட்காருவது மட்டுமல்ல, அறையில் படிப்பது, கட்டுரை எழுதுவது, தேர்வு எல்லாம் சேர்த்து. பெருக்கினால் 750 முதல் 900 மணி நேரம் வருகிறது, அதை இருபது வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய நாற்பது மணி நேரம், அதாவது அதுவே ஒரு முழுநேர வேலை. அதன்மேல் இன்னொரு முழுநேர வேலையை ஏற்றினால் இரண்டில் ஒன்று விழும், பெரும்பாலும் விழுவது படிப்புதான், ஏனென்றால் ஆபீஸில் மேலாளர் கேட்பார், வகுப்பில் யாரும் கேட்க மாட்டார்கள்.

அதனால் மூன்று வழிதான். பாடத்தைப் பாதியாகக் குறைத்து வாரம் இரண்டு நாள் வேலைக்குப் போகலாம். அல்லது இன்டர்ன்ஷிப்பையே கிரெடிட் உள்ள ஒரு பாடமாக வைத்திருக்கும் திட்டத்தில் சேரலாம். இல்லாவிட்டால் முதலில் படிப்பு, அது முடிந்த கையோடு வேலை என்று அடுத்தடுத்து வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது மூன்றாவதுதான், ஆனால் அதற்கு நாள்காட்டி ஒத்துழைக்க வேண்டும். ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கிக் காகிதத்தில் மார்ச் வரை ஓடும், வகுப்புகளோ பிப்ரவரியிலேயே முடிந்துவிடும், தேர்வு தேதிகள் ஒத்துவந்தால் அந்த இடைவெளியில் ஆறேழு வாரம் வேலை பார்க்கலாம். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். ஆஸ்திரேலியாவில் முதல் பருவம் பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ. இதை உங்கள் பல்கலைக்கழகத் தேதிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் விண்ணப்பித்தவர்கள்தான் அங்கே தேர்வு முடியும் முன்பே இங்கே அடுத்த பருவம் தொடங்கிவிட்டது என்று புலம்புகிறார்கள்.

இன்னொன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸின் பயிற்சிப் பிரிவில் போவதென்றால் இரண்டு மாதமாவது இருந்தாக வேண்டும். அது நியாயம்தான், முதல் மூன்று வாரம் பாஸ்வேர்டு வாங்குவதிலும் யார் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று புரிந்துகொள்வதிலுமே போய்விடும்.

கேள்வி: ஒரு நிறுவனம் இன்டர்ன்ஷிப் தருகிறது. சம்பளம் கிடையாது, அதனால் சுற்றுலா விசாவிலேயே வரலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார்கள். வரலாமா?

வேண்டாம். சம்பளம் இல்லாவிட்டால் அது வேலையே இல்லை என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் நான் பார்த்த மிகப் பெரிய தவறு. குடிவரவுச் சட்டம் பணத்தைப் பார்ப்பதில்லை, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றுதான் பார்க்கும். பிரிட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள், பார்வையாளர் விசாவில் ஆறு மாதம் வரை அங்கீகாரம் பெற்ற இடத்தில் படிக்கலாம், இன்டர்ன்ஷிப் மட்டும் கூடாது, சம்பளம் உண்டோ இல்லையோ. ஷெங்கன் நாடுகளுக்கான, அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்கான, குறுகிய கால விசாவில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் இருக்கவே முடியாது, அதில் ஒரு பருவம் அடங்காது.

மாணவர் விசா கையில் இருந்தாலும் எல்லாம் திறந்துவிடாது. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்குப் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், ஜெர்மனியில் 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். இவையெல்லாம் சும்மா பகுதிநேர வேலைக்கான கணக்கு. உங்கள் பாடத்திட்டத்திலேயே கட்டாயம் என்று எழுதியிருக்கும் பயிற்சிக்குப் பல நாடுகளில் வேறு கணக்கு, எனவே உங்கள் பல்கலைக்கழகம் தரும் கடிதத்தில் 'கட்டாயம்' என்ற அந்த ஒரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெர்மனியில் அந்தச் சொல்லால் ஒரு நஷ்டமும் உண்டு, கட்டாயப் பயிற்சிக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது.

அமெரிக்கா இன்னும் சிக்கல். எஃப் 1 என்ற மாணவர் விசாவில் பாடத்தோடு சேர்ந்த வேலைப் பயிற்சிக்கு அனுமதி கிடைக்கப் பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு அங்கே படித்திருக்க வேண்டும், ஒரே ஒரு பருவத்துக்குப் போகிறவருக்கு அது எட்டாக்கனி. பரிமாற்ற மாணவர்கள் அதிகம் போவது ஜே 1 விசாவில். அதில் படிப்போடு தொடர்புள்ள பயிற்சிக்கு இடம் உண்டு, ஆனால் உங்கள் திட்டத்தின் பொறுப்பு அதிகாரி எழுத்தில் அனுமதித்த பிறகுதான் முதல் நாள் வேலைக்குப் போக வேண்டும். வேலையில் சேர்ந்துவிட்டு அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்பது இங்கே நடக்காது. விதிகள் அடிக்கடி மாறுகின்றன என்பதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள், என்னையும் நம்ப வேண்டாம்.

கேள்வி: அங்கே படிக்கும் பாடங்களுக்குக் கிரெடிட் தருவோமா என்பதைத் திரும்பி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் என் துறைத் தலைவர். நம்பிப் போகலாமா?

இந்தக் கேள்வியை எட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள், எட்டுப் பேருக்கும் ஒரே பதில்: கையெழுத்து இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், நீங்கள் திரும்பி வரும்போது அந்த நாற்காலியில் அவரே இருப்பார் என்று யார் சொன்னது?

என் கதையைச் சொல்கிறேன். நான் போனபோது ஐந்து பாடங்களுக்கு ஒப்புதல் வாங்கித்தான் போனேன். போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் அதில் ஒன்றை நடத்தவில்லை என்று அறிவித்துவிட்டார்கள், இன்னொன்று வேறொரு பாடத்தோடு நேரம் மோதியது. சரி என்று கிட்டத்தட்ட அதே பொருளில் வேறு இரண்டை எடுத்துக்கொண்டேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். திரும்பி வந்தால் பட்டியலில் இல்லாத பாடத்துக்குக் கிரெடிட் கிடையாது என்றார்கள். மாற்றிய அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பி ஒப்புதல் கேட்டிருந்தால் முடிந்திருக்கும், அதைச் செய்யாததால் அந்த இரண்டையும் அரியர் மாதிரி அடுத்த ஆண்டு ஜூனியர்களோடு உட்கார்ந்து எழுதினேன். கோபம் வந்தது உண்மைதான், ஆனால் படிவத்தின் கீழே 'மாற்றம் இருப்பின் முன்னொப்புதல் பெறவும்' என்று பொடி எழுத்தில் இருந்ததும் உண்மை.

ஐரோப்பாவில் இதற்கென்றே கல்வி ஒப்பந்தம் என்று ஒரு தாள் இருக்கிறது. மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் என மூவரும் கையெழுத்துப் போட வேண்டும், பாடம் மாறினால் நிரப்ப அதிலேயே தனிப் பகுதி உண்டு. உங்கள் திட்டத்தில் அப்படி எதுவும் இல்லையென்றால் நீங்களே ஒன்று தயாரியுங்கள்: அங்கே எடுக்கும் பாடம், இங்கே அது எந்தப் பாடத்துக்கு ஈடு, எத்தனை கிரெடிட், மதிப்பெண்ணை எப்படி மாற்றுவார்கள். கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்பதில்லை. கிரெடிட் அளவே நாட்டுக்கு நாடு வேறு, ஒரு முழு ஆண்டு ஐரோப்பிய முறையில் 60, பிரிட்டனில் 120, அமெரிக்காவில் பெரும்பாலும் 30. அதைக்கூடக் கணக்குப் போட்டு மாற்றிவிடலாம். மதிப்பெண்ணை மாற்றுவதில்தான் சண்டை வரும், ஏனென்றால் பிரான்சில் 20க்கு 14 என்பது நல்ல மதிப்பெண், அதை அப்படியே நூற்றுக்கு எழுபது என்று போட்டால் உங்கள் சராசரி சரிந்துவிடும். அங்கே இருக்கும்போதே பாடத்திட்டத்தின் முழுப் பிரதியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வந்த பிறகு தேடினால் இணையத்தில் அந்தப் பக்கம் இருக்காது.

இன்டர்ன்ஷிப்புக்கும் இதே கதைதான். பிரான்சில் மாணவர், நிறுவனம், கல்வி நிலையம் மூவரும் கையெழுத்திட்ட பயிற்சி ஒப்பந்தம் இல்லாமல் யாரும் உங்களை உள்ளே விட முடியாது, சட்டமே அப்படி. இரண்டு மாதத்தைத் தாண்டும் பயிற்சிக்கு உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். நிறுவனம் உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, உங்கள் பல்கலைக்கழகக் கையெழுத்துக்காக நான்கு வாரம் காத்திருந்து, அலுத்துப்போய் வேறொருவரை எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. யார் கையெழுத்திடுவார், அவர் விடுமுறையில் போனால் யார் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

கேள்வி: பரிமாற்றத் திட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. நேரடியாக நானே விண்ணப்பித்துப் போகலாமா?

போகலாம். வித்தியாசம் பணத்தில். பரிமாற்றத்தில் பெரும்பாலும் உங்கள் பல்கலைக்கழகக் கட்டணத்தை மட்டும் கட்டினால் போதும், அங்கே கட்ட வேண்டாம். தனியாகப் போனால் அங்கே கேட்பதைக் கட்ட வேண்டும். அதோடு கிரெடிட் விஷயத்தில் உங்களுக்காகப் பேச ஓர் அலுவலகம் இருக்காது, எல்லாக் கடிதத்தையும் நீங்களே எழுத வேண்டும்.

கேள்வி: பணம் கட்டினால் வெளிநாட்டில் இன்டர்ன்ஷிப் வாங்கித் தருகிறோம் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார்.

மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நிறுவனம், அங்கே எனக்கு மேலாளர் யார், நான் என்ன வேலை செய்வேன்? பணம் கட்டிய பிறகுதான் சொல்வோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஒழுங்கான இடைத்தரகர்களும் இருக்கிறார்கள்தான், விசாவுக்கு அதிகாரபூர்வ ஆதரவு தருபவர்கள்கூட உண்டு. ஆனால் பணம் கொடுத்து வாங்கிய இடத்தில் உங்களுக்கு வேலை கொடுக்க வேண்டிய அவசரம் யாருக்கும் இருக்காது, ஒரு மூலையில் உட்காரவைத்து எக்செல் தாளை நகலெடுக்கச் சொல்வார்கள். அதற்குப் பதில் நீங்கள் போகும் துறையின் பேராசிரியர்கள் யாரோடு சேர்ந்து ஆய்வு செய்கிறார்கள் என்று பார்த்து, அந்த இடங்களுக்குச் சின்னதாக, உங்களுக்கு என்ன தெரியும் என்பதை மட்டும் சொல்லி எழுதுங்கள். ஐம்பது எழுதினால் நான்கு பதில் வரும். பல்கலைக்கழக ஆய்வகத்திலேயே பயிற்சி கிடைத்தால் தயங்காதீர்கள், நிறுவனம்தான் இன்டர்ன்ஷிப் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கேள்வி: மகள் முதன்முறையாகத் தனியாகப் போகிறாள். போன இரண்டாம் மாதம் அழுதுகொண்டே பேசுவாளே என்று பயமாக இருக்கிறது. (ஒரு தாய்)

அழலாம் அம்மா, அது தவறில்லை. லிஸ்கார்ட் என்ற நார்வே நாட்டு ஆய்வாளர், 1955இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவில் படித்துத் திரும்பிய தம் நாட்டவர் 200 பேரிடம் பேசினார். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் ஓரளவு நன்றாகவே பொருந்தியிருந்தார்கள், இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் அவ்வளவாகப் பொருந்தவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை, ஆளுக்கு ஆள் மாறுகிறது. எனக்கு உண்மையில் கஷ்டமாக இருந்தது திரும்பி வந்த பிறகுதான், அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் சொல்லலாமா? தினமும் மூன்று வேளை வீடியோ அழைப்பு வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், நேரம் குறித்து வைத்து, நிதானமாகப் பேசுங்கள். அவள் அழுதால் உடனே 'கிளம்பி வந்துவிடு' என்று சொல்லாதீர்கள், முதலில் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, வகுப்புக்கே போகவில்லை என்றால் அது வீட்டு ஏக்கம் மட்டுமல்ல, பல்கலைக்கழகத்தின் ஆலோசனைப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். அவளுடைய காப்பீட்டில் மனநலச் சிகிச்சை அடங்குகிறதா என்று போகும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: அறை விளம்பரம் ஒன்று பார்த்தேன். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வருமாம்.

சாவி வராது.

சீரியஸாகச் சொன்னால், முதல் மாதத்துக்குப் பல்கலைக்கழக விடுதிக்கோ தற்காலிக இடத்துக்கோ முயலுங்கள், நேரில் பார்த்த பிறகு நிரந்தர அறை. ஜெர்மனி போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கும் உறுதிச்சான்று தேவை. அதைத் தர மாட்டேன் என்பவரின் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், பதிவு இல்லாவிட்டால் வங்கிக் கணக்கிலிருந்து வசிப்பு அனுமதி வரை எல்லாம் நின்றுவிடும்.

கேள்வி: நானும் என் நெருங்கிய நண்பனும் ஒரே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறோம். சேர்ந்து போவது நல்லதா?

போங்கள், ஒரே அறையில் மட்டும் தங்காதீர்கள். இரண்டு பேர் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால் மூன்றாவது ஆள் வந்து சேர மாட்டார், ஐந்து மாதமும் ஓடிவிடும். மற்றபடி காய்ச்சல் வந்தால் மருந்து வாங்கித் தர ஒருவர் இருப்பது பெரிய விஷயம். நண்பனின் ஒப்புதல் படிவம் மூன்று வாரமாகத் துறையில் தூங்குகிறது என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, டிக்கெட் விலை பார்ப்பதை நிறுத்திவிட்டு நாளைக் காலையே அவரை அங்கே அனுப்புங்கள்.