ரெக்கார்டு பிளேயரை ஒயர் இல்லாமல் ஸ்பீக்கரிலோ ஹெட்ஃபோனிலோ கேட்க முடியுமா?

முடியும். ஆனால் "ஒரு புளூடூத் கருவியை வாங்கிச் செருகினால் போதும்தானே?" என்று கேள்வியின் அடியில் நீங்கள் சேர்த்திருக்கும் வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. அப்படி நினைத்து இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாயைத் தொலைத்தவன் நான். உங்களிடம் கொஞ்சம் பழைய தட்டுகள் இருக்கின்றன, பிளேயர் அண்மையில்தான் வீட்டுக்கு வந்திருக்கிறது, கேட்கிறவர் ஓர் இடத்திலும் பிளேயர் வேறோர் இடத்திலும் இருக்க வேண்டிய நிலை என்று நானாக எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இன்றைக்கும் எங்கள் வீட்டை "ரேடியோ செட்டுக்காரர் வீடு" என்றுதான் அடையாளம் சொல்வார்கள். அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் சடங்குக்கும் குழாய் கட்டியவர். பனைமரத்தின் பாதி உயரத்துக்கு ஏறிக் குழாயை எந்தத் திசைக்குத் திருப்பினால் எந்தத் தெரு வரை கேட்கும் என்பது அவருக்கு மனப்பாடம். கேசட் வந்ததும் தட்டுப் பெட்டிகள் மச்சில் ஏறின. அவற்றில் பாதியை என் சித்தப்பா ஒருவர், நாங்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டார். மிஞ்சியவை நூற்றுச் சொச்சம். அவற்றில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத் தட்டும் ஒன்று. காருகுறிச்சி எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி என்பதால் அந்தத் தட்டின் மீது அப்பாவுக்குத் தனிப் பிரியம். இந்தக் காலத்து உணவகங்கள் இப்படிப்பட்ட தட்டுகளின் நடுவே கடிகார முள்ளைச் செருகிச் சுவரில் மாட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற கோபத்தை இங்கே எழுதினால் பதில் நீண்டுவிடும்.

அப்பாவுக்கு இப்போது 82 வயது; காது மந்தம். அவருக்குக் கேட்கிற அளவுக்கு ஸ்பீக்கரை வைத்தால் அடுத்த வளவில் படிக்கிற பிள்ளைகளுக்குத் தொந்தரவு. அவர் உட்காருவது தார்சா என்கிற தாழ்வாரத்தில் கிடக்கும் சாய்வு நாற்காலியில்; பிளேயர் இருப்பது பட்டாசல் என்கிற கூடத்தில். இடையே ஹெட்ஃபோன் ஒயரை இழுத்தால் அம்மா தடுக்கி விழுவது நிச்சயம். ஆகவே ஒயர் இல்லாத வழியைத் தேடினேன். இதை ஏன் விளக்குகிறேன் என்றால், "இசைத்தட்டைப் போய் புளூடூத்தில் கேட்பதா?" என்று யாராவது வந்து சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

முதல் தவறு கடையில் நடந்தது. திருநெல்வேலியில் ஒரு கடைக்குப் போய், பிளேயரிலிருந்து ஹெட்ஃபோனுக்குப் பாட்டை அனுப்பும் கருவி வேண்டும் என்று தெளிவாகவே சொன்னேன். கடைப் பையன் தீப்பெட்டி அளவில் ஒன்றை எடுத்து நீட்டி, "அண்ணாச்சி, புளூடூத்துன்னா புளூடூத்துதான், போகவும் செய்யும் வரவும் செய்யும்" என்றான். வீட்டுக்கு வந்து ஒரு மாலை முழுவதும் முயன்ற பிறகுதான் அது வாங்கும் கருவி, அனுப்பும் கருவி அன்று என்பது தெரிந்தது. அதாவது செல்போனிலிருந்து வரும் பாட்டை வாங்கிப் பழைய ஆம்ப்ளிஃபயருக்கோ காருக்கோ கொடுக்கும் ரிசீவர் அது. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரான டிரான்ஸ்மிட்டர். இரண்டும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும், இரண்டிலும் 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்று இருக்கும். பெட்டியின் மேல் டிரான்ஸ்மிட்டர் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வேலையும் செய்யும் வகை என்றால் பக்கவாட்டில் டிஎக்ஸ் (அனுப்ப), ஆர்எக்ஸ் (வாங்க) என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை டிஎக்ஸ் பக்கம் தள்ள வேண்டும். மறுநாள் கடைக்குப் போனபோது பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சாமானின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லி விற்கத் தெரியாத கடைக்கு அந்த விதி மட்டும் எப்படித்தான் நினைவிருக்கிறதோ.

சூட்கேஸ் வடிவில் வரும் சிறிய பிளேயர்களை வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவற்றில் பலவற்றின் மீது புளூடூத் என்று அச்சிட்டிருந்தாலும், செல்போன் பாட்டை அந்தப் பெட்டியின் ஸ்பீக்கரில் கேட்கலாம் என்பதே அதன் பொருள். தட்டில் ஓடும் பாட்டை அது வெளியே அனுப்பாது.

சரியான டிரான்ஸ்மிட்டரைத் தருவித்து, பிளேயரின் பின்னால் இருந்த சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்களை அதற்குரிய ஒயர் மூலம் அதில் செருகி, ஹெட்ஃபோனை அப்பாவின் தலையில் மாட்டி, காருகுறிச்சியார் தட்டில் முள்ளை வைத்தேன். அப்பா இரண்டு கைகளாலும் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் விலக்கி, "என்னடே, கொசு பாடுத மாதிரி இருக்கு. தவில் எங்க போச்சு?" என்றார்.

நான் டிரான்ஸ்மிட்டரைக் குறை சொன்னேன். ஹெட்ஃபோனைக் குறை சொன்னேன். அப்பா எழுந்து வந்து, பிளேயரின் கையை விரலால் மெல்லத் தூக்கி, அடியில் இருந்த முள்ளைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம பழைய முள்ளு இல்ல. இதுக்குப் பலம் கிடையாது. மைக்கு அளவுக்குத்தான் வரும். கிராம் ஓட்டையில சொருகினா எப்படிக் கேக்கும்?" என்றார். அவருடைய பழைய ஆம்ப்ளிஃபயரில் மைக்குக்கு ஒரு துளை, தட்டுக்கு ஒரு துளை என்று தனித்தனியாக இருந்தன. மைக்கிலிருந்து வரும் மின்சாரம் அற்பம் என்பதால் அந்தத் துளைக்குப் பின்னால் கூடுதலாக ஒரு கட்டம் பெருக்கம் உண்டு. தட்டுக்கு அது தேவைப்படவில்லை. ஏனென்றால் அந்தக் காலத்தில் முள்ளைத் தாங்கிய கிரிஸ்டல் பிக்கப் அழுத்தத்தால் மின்சாரம் உண்டாக்கும் வகையைச் சேர்ந்தது. அது அரை வோல்ட் அளவுக்குத் தாராளமாகக் கொடுக்கும். இப்போதைய நல்ல பிளேயர்களில் இருப்பது காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட கார்ட்ரிட்ஜ். அது தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட், அதாவது பழையதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. புளூடூத் டிரான்ஸ்மிட்டர் எதிர்பார்ப்பதோ 300 மில்லிவோல்ட் அளவு.

அப்பா சொன்னது பாதி. மீதிப் பாதி, கீழ்ச்சுரத்தில் ஒலிக்கும் தவிலைப் பற்றியது. தட்டில் பாட்டை வெட்டும்போதே கீழ்ச்சுரங்களைக் குறைத்தும் மேல்சுரங்களைக் கூட்டியும்தான் வெட்டுகிறார்கள். கீழ்ச்சுரத்தை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் அகலமாக அலைந்து தட்டில் இடம் போதாமல் போகும். மேல்சுரத்தைக் கூட்டி வெட்டினால் திரும்பக் கேட்கும்போது அதைக் குறைக்கலாம், அதோடு சேர்ந்து தட்டின் இரைச்சலும் குறையும். அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிலினர் சங்கம் 1954-இல் வகுத்த ஆர்ஐஏஏ அளவுகோலின்படி, 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த ஒலி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகத் தட்டில் பதிந்திருக்கும். கேட்கும்போது இதை நேர்மாறாகத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். பெருக்குவதையும் சரிசெய்வதையும் சேர்த்துச் செய்யும் சிறிய பெட்டிக்கு ஃபோனோ ப்ரீ ஆம்ப் என்று பெயர். வெறும் மைக் துளையில் செருகியிருந்தால் சத்தம் வந்திருக்கும், தவில் வந்திருக்காது.

ஆகவே வரிசை இதுதான்: பிளேயர், அடுத்து ப்ரீ ஆம்ப், அடுத்து டிரான்ஸ்மிட்டர், அதன் பிறகு காற்று. உங்கள் பிளேயரின் பின்புறத்தில் ஃபோனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் ப்ரீ ஆம்ப் உள்ளேயே இருக்கிறது என்று பொருள். லைன் பக்கம் தள்ளிவிட்டால் தனிப்பெட்டி வேண்டாம். இன்னும் பிளேயரே வாங்கவில்லை என்றால், ஆடியோ டெக்னிகா நிறுவனத்தின் ஏடி-எல்பி60எக்ஸ்பிடி, சோனியின் பிஎஸ்-எல்எக்ஸ்310பிடி ஆகிய இரண்டிலும் ப்ரீ ஆம்ப், டிரான்ஸ்மிட்டர் இரண்டுமே உள்ளடங்கியிருக்கின்றன. நான் எந்த நிறுவனத்துக்கும் முகவன் இல்லை. இவற்றை விளம்பரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ப்ரீ ஆம்ப் வந்ததும் தவிலும் வந்தது, கூடவே "உர்ர்" என்ற இரைச்சலும் வந்தது. பிளேயரின் ஒயரோடு மெல்லிய ஒற்றைக் கம்பி ஒன்று, நுனியில் கவட்டை போன்ற தகட்டுடன் தொங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அது எர்த் கம்பி. ப்ரீ ஆம்பின் பின்னால் ஜிஎன்டி என்று எழுதிய திருகில் அதை முடுக்கியதும் இரைச்சல் அடங்கியது. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் அது. முள்ளின் மின்சாரம் அற்பமாக இருப்பதால் இந்த இரைச்சலும் அதோடு சேர்ந்து பெருகிவிடுகிறது. இதே காரணத்தால் பிளேயருக்கும் ப்ரீ ஆம்புக்கும் இடையிலான ஒயர் ஒரு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ப்ரீ ஆம்பைத் தாண்டிய பிறகு ஐந்து மீட்டர் இழுத்தாலும் பாதகமில்லை.

அந்த ஐந்து மீட்டர் எனக்கு உதவியது. எங்கள் வீடு காரைச் சுவர் வீடு. பட்டாசலுக்கும் தார்சாவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் இரண்டடி கனம். புளூடூத்துக்குப் பத்து மீட்டர் எட்டும் என்று பெட்டியில் போட்டிருப்பது திறந்த வெளிக் கணக்கு. சுவருக்கு இந்தப் பக்கம் டிரான்ஸ்மிட்டரை வைத்திருந்தபோது, "இடையில இடையில விக்குதுடே, தட்டு கீறியிருக்கா?" என்று அப்பா கேட்டார். தட்டில் கீறல் இல்லை. நீண்ட ஒயரை இழுத்து டிரான்ஸ்மிட்டரை ஜன்னல் திண்டில், அவருடைய நாற்காலி நேராகத் தெரியும்படி வைத்த பிறகு விக்கல் நின்றது. என் மனைவி அடுப்படியில் மைக்ரோவேவ் அடுப்பைப் போடும்போது மட்டும் இன்னும் சில சமயம் அறுபடுகிறது. புளூடூத்தும் அந்த அடுப்பும் ஏறத்தாழ ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. "மாமா பாட்டுக் கேக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் இப்போது அவள் குழம்பைச் சுட வைக்கிறாள்.

இணைப்பதும் கொஞ்சம் பொறுமையைக் கேட்கும் வேலை. டிரான்ஸ்மிட்டருக்குத் திரை கிடையாது என்பதால் எதோடு சேர வேண்டும் என்று அதற்குச் சொல்ல முடியாது. அருகில் சேரத் தயாராக இருப்பதில் எது முதலில் அகப்படுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் நாகசுரம் முதல் நாள் பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் ஒலித்தது. மற்றவற்றை அணைத்துவிட்டு, டிரான்ஸ்மிட்டரையும் ஹெட்ஃபோனையும் அருகருகே வைத்துச் சேர்த்தால், அடுத்த முறை தானாகவே ஒன்றையொன்று கண்டுகொள்ளும்.

அப்பாவுக்கு ஹெட்ஃபோன், எனக்குப் பட்டாசலில் ஒயருள்ள ஸ்பீக்கர் என்று சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். புளூடூத் வழி வரும் ஒலி சாதாரணமாக 100 முதல் 250 மில்லி வினாடி வரை பிந்தி வரும். தனியாகக் கேட்கும்போது அது தெரியாது. படம் எதுவும் ஓடவில்லையே. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் எதிரொலி. அப்பா ஹெட்ஃபோனைக் கழற்றியும் மாட்டியும் பார்த்துவிட்டு, "மேக்கத் தெருவுல கட்டுன குழாய் மாதிரி இருக்கு" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும் என்றால், ஐந்தில் ஒரு வினாடிப் பிந்தல் என்பது 68 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாய்க்குச் சமம். எங்கள் வீட்டிலிருந்து மேற்குத் தெரு அவ்வளவு தூரம்தான்.

ஒலித் தூய்மை பேசும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. புளூடூத்தின் சாதாரணச் சுருக்க முறையான எஸ்பிசி வினாடிக்கு 328 கிலோபிட் அளவுக்குப் பாட்டைச் சுருக்கி அனுப்புகிறது என்பதும், பள்ளத்தில் இருந்த ஒலியை எண்ணாக மாற்றுவதால் இசைத்தட்டின் நோக்கமே கெடுகிறது என்று நீங்கள் சொல்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நல்ல காதும் தனி அறையும் இருப்பவர்கள் ஒயரிலேயே கேளுங்கள். அல்லது லைன் உள்ளீடு கொண்ட வைஃபை ஸ்பீக்கருக்குச் செலவழியுங்கள். 82 வயதுக் காதுக்குத் தவில் கேட்டதே எனக்குப் போதும்.

ஒயர் இல்லாமல் கேட்பவர் பிளேயருக்குத் தொலைவில் இருப்பதால் வரும் இன்னொரு சிக்கலை நான் யோசித்திருக்கவில்லை. எல்பி தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடம் சொச்சம். ஹெட்ஃபோனோடு அப்பா உறங்கிவிட்டால் தட்டு முடிந்தது வீட்டில் எவருக்கும் கேட்காது. ஒரு நாள் விடியும் வரை முள் கடைசிப் பள்ளத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. தானாகவே கையைத் தூக்கிக்கொள்ளும் பிளேயராக இருந்தால் நல்லது. அப்பாவிடம் உள்ள, நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகள் இன்னும் பெட்டியிலேயே இருக்கின்றன. அவற்றின் பள்ளம் அகலம் என்பதால் வேறு முள் வேண்டும், எங்கள் பிளேயரில் அந்த வேகமும் இல்லை.

உங்கள் பிளேயரின் பின்புறத்தைப் படம் எடுத்துக் கேள்வியோடு சேர்த்துவிடுங்கள். அந்தச் சுவிட்ச் இருக்கிறதா, எர்த் கம்பி தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு, ப்ரீ ஆம்ப் வாங்க வேண்டுமா என்று சொல்கிறேன். அதற்கு முன் கடைக்குப் போகாதீர்கள்.