கணக்குப்பெட்டி மூடி வெடித்தது யார் குற்றம்?

கேள்வி: என் தாத்தா பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். தரையில் உட்கார்ந்து எழுதுவதற்கான அவருடைய சாய்வு மூடிப் பெட்டி ஈப்போவில் பெரியப்பா வீட்டில் இருக்கிறது. அளவெடுத்து வந்து, அதேபோல் ஒன்றை நானே செய்தேன். ‘நன்றாகக் காய்ந்த தேக்கு’ என்று சொல்லி ஒரு மரக்கடையில் 480 ரிங்கிட்டுக்குப் பலகை கொடுத்தார்கள். ஏர்கோன் அறையில் வைத்த மூன்றே வாரத்தில் மூடி நடுவில் வெடித்துவிட்டது. ‘செய்த விதம்தான் தப்பு’ என்கிறார் கடைக்காரர். பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். விரிசலில் பத்து காசு நுழையும் போலிருக்கிறது. அத்தனை உழைப்பும் இப்படி ஆனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் கடைக்காரர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு.

மரம் அகலவாட்டில் சுருங்கும், நீளவாட்டில் அநேகமாகச் சுருங்காது. நீங்கள் மூடியின் இரு முனையிலும் குறுக்குச் சட்டத்தை முழுக்கப் பசை போட்டு ஒட்டியிருக்கிறீர்கள். சுருங்க இடமில்லாத பலகை வெடிக்கத்தான் செய்யும். நடுவில் மட்டும் பசை வைத்து, ஓரங்களில் திருகாணித் துளையைச் சட்டத்தின் நீளவாக்கில் நீட்டி விட்டிருக்க வேண்டும். பெரியப்பாவிடம் பழைய மூடியைப் புரட்டிப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தத் தச்சர் சட்டத்தை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று பாருங்கள்.

மறுபாதி பலகையின் ஈரம். மீந்த துண்டுகளை வீசிவிடாதீர்கள், உங்கள் சாட்சியே அவைதான். ஒன்றைச் சமையலறைத் தராசில் வைத்து, எடையையும் தேதியையும் அதன் மேலேயே பென்சிலால் எழுதி, ஏர்கோன் அறையில் வையுங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டுப் படமெடுங்கள். காய்ந்த மரத்தின் எடை சற்றே இறங்கி நின்றுவிடும். வாராவாரம் கணிசமாக இறங்கிக்கொண்டே போனால், பலகை பச்சையாக விற்கப்பட்டது என்று அர்த்தம்.

தேக்குதானா என்பதையும் பாருங்கள். ஓரத்தைப் புதிதாகச் சீவினால் தோல் வாடை வரும், கைக்கு எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். சிவந்து, வாடையில்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். ரசீதில் ‘காயு ஜாத்தி’ (மலாயில் தேக்கு) என்று இருக்கிறதா, வெறும் ‘காயு’வா (மரம்)? வெறும் ‘காயு’ என்றால் வழக்கு பலவீனம்தான். தேக்கு என்று கடைக்காரர் எழுதிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சொன்ன பொருளும் கொடுத்த பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முதலாம் படிவத்தை நிரப்புங்கள். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டாம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். பலகையின் விலையைக் கேளுங்கள். மூடி வெடித்ததற்கும் சேர்த்துக் கேட்டால், அந்தப் பசையைக் காட்டியே உங்களை மடக்குவார்கள்.

அடுத்த மூடிக்கு நம்மூர் மரமான நியாத்தோ பலகையே போதும் என்பேன். அரக்கு மெருகு போட்டால் பார்க்க லட்சணமாக இருக்கும். எந்த மரமானாலும், பெட்டி நிற்கப்போகும் அதே அறையில் அடுக்கிவைத்து, எடை நின்ற பிறகே ரம்பத்தை எடுங்கள்.