சக ஊழியர் காரில் சீறும்போது உடன் செல்பவர் என்ன செய்வது?

குறுக்கே புகுந்த பைக்கை உங்கள் சக ஊழியர் ஹாரனை அழுத்தியபடியே துரத்தும் அந்த நொடியில் "கோபப்படாதீர்கள்" என்று சொல்லாமல், "எனக்குப் பயமாக இருக்கிறது, அந்த பெட்ரோல் பங்கில் சற்று நிறுத்துங்கள்" என்று தாழ்ந்த குரலில் கேளுங்கள். யார் மீது தவறு என்ற பேச்சே அப்போது வேண்டாம்.

அலுவலகத்திற்குத் தாமதமாகிவிடுமோ என்ற பதற்றமே பெரும்பாலும் சென்னை ஓ.எம்.ஆர். சாலை சிக்னல்களில் இப்படி வெடிக்கிறது. ஒரு வாரம் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பிப் பாருங்கள். அப்போதும் முன்வண்டியின் பம்பரை உரசுவதுபோல் நெருங்கி, ஹைபீம் அடித்து மிரட்டினால், காரணம் நேரமன்று. நட்பு கெடுமே என்று தயங்காமல் பேருந்துக்கு மாறிவிடுங்கள். உங்கள் உயிர் அதைவிடப் பெரிது.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை: அவர் இறங்கிச் சண்டைக்குப் போனால், சமாதானம் செய்ய நீங்களும் இறங்காமல், கதவைப் பூட்டிக்கொண்டு அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள்.