இன ஒதுக்கலை நேரில் அனுபவிக்காத ஒருவர் அதைப் பற்றி நாவல் எழுதலாமா?

கேள்வி இதுதான்: தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் காலத்தைப் பற்றி, அங்கே பிறக்காத, அதில் அடிபடாத ஒரு தமிழ் எழுத்தாளர் நாவல் எழுதலாமா, எழுதினால் எங்கே தவறுவார்? நான் அப்படி ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். தவறியும் இருக்கிறேன், அதனால் பதில் சொல்லத் தோன்றுகிறது.

வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் ஆறு வருடம் இருந்தேன். இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை முதன்முதலாக ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று போய்ச் சேர்ந்த ஊர் அது. அதற்கப்புறம் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேலானவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக அங்கே போனார்கள், அவர்களில் பெரும்பகுதி சென்னை வழியாகக் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். அவர்களுடைய பேரன் பேத்திகளில் ஒரு குடும்பம்தான் என் நாவலில் வருவது. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்தவர்கள், அங்கிருந்து அரசாங்கத்தால் வெளியேற்றப்பட்டு, இந்தியர்களுக்கென்று 1964-ல் திறந்த சாட்ஸ்வர்த் குடியிருப்பில் போய் விழுந்தவர்கள்.

முதலில் நான் தவறியது ஒரு சொல்லால். நிறவெறி என்கிறோம் இல்லையா, அந்த 'வெறி' என் முதல் பிரதியையே கெடுத்துவிட்டது. வெறி என்றதும் கண் சிவந்த ஆள், கையில் பிரம்பு, கெட்ட வார்த்தை என்றுதான் மனசு போகிறது, நானும் அப்படிப்பட்ட வெள்ளைக்காரர்களாக எழுதித் தள்ளினேன். வன்முறை இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தது. ஆனால் ஒரு சாதாரணக் குடும்பத்தின் அன்றாடத்துக்குள் அந்த ஆட்சி நுழைந்தது பெரும்பாலும் தபாலில்தான். 1950-ல் ஒவ்வொருவரையும் இன்ன இனம் என்று பதிவு செய்ய ஒரு சட்டம், அதே வருடம் இன்ன இனம் இன்ன பகுதியில்தான் குடியிருக்க வேண்டும் என்று இன்னொரு சட்டம், 1953-ல் கடற்கரை, பெஞ்சு, பேருந்து, கழிப்பறை எல்லாவற்றையும் பிரிப்பதற்கு ஒன்று. அந்தக் கடைசிச் சட்டம், பிரித்துக் கொடுக்கும் வசதிகள் சமமாக இருக்க வேண்டியதில்லை என்றே வெளிப்படையாகச் சொன்னது. அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதை எழுதினவருக்குக் கோபம் எதுவும் இருந்திருக்காது, நல்ல மொழிநடையில் நிதானமாக எழுதியிருப்பார்.

சாட்ஸ்வர்த்தில் ஒரு மூதாட்டி எனக்குப் பழக்கம். நான் பாட்டி என்றே கூப்பிடுவேன். கேட்டோ மேனர் வெள்ளையருக்கான பகுதி என்று 1958-ல் அறிவித்தபோது அவருக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது, தன் அப்பா வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார். அந்த அப்பா வீட்டை மதிப்பிட ஒரு அதிகாரி வந்ததை எனக்குச் சொன்னார். நாடாவைப் பிடித்து ஒவ்வொரு அறையாக அளந்தாராம். அப்புறம் கொல்லைக்குப் போய் மாமரங்களை எண்ணினாராம். பாட்டியின் அம்மா, வீட்டுக்கு வந்தவராயிற்றே என்று இருப்பதிலேயே நல்ல கோப்பையில் டீ கொடுத்திருக்கிறார். அவர் நன்றி சொல்லிக் குடித்துவிட்டு, கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு, மரத்தின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். "மரியாதையான மனுஷன்தான்பா" என்றார் பாட்டி. அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகு, ஊருக்கு வந்து முதல் பிரதியைத் தூக்கி வைத்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுதினேன்.

அடுத்தது, நம்மவர்கள் எல்லாரையும் பாவப்பட்டவர்களாக மட்டும் எழுதும் ஆசை. இதில்தான் அதிகம் போராடினேன். 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்கள் இந்தியர்களைத் தாக்கிய கலவரத்தில் 142 பேர் செத்தார்கள், அதில் 87 பேர் ஆப்பிரிக்கர்கள், 50 பேர் இந்தியர்கள். கடையும் வீடும் எரிந்த கதையை நம் பக்கத்திலிருந்து எழுதுவது சுலபம். ஆனால் கேட்டோ மேனரில் நிலம் பெரும்பாலும் இந்தியர்களுடையது, அதில் குடிசை போட்டு வாடகை கொடுத்தவர்கள் ஆப்பிரிக்கர்கள். பேருந்தும் கடையும் பல இடங்களில் இந்தியர்கள் கையில். நகரத்துக்குள் நிலம் வாங்க முடியாதபடி ஆப்பிரிக்கர்களை வைத்திருந்தது வெள்ளை அரசாங்கம், ஆனால் மாசம் பிறந்தால் வாசலில் வந்து நின்று காசு வாங்கியது நம்மவர். அதை விட்டுவிட்டுக் கலவரத்தை எழுதினால் அது பொய்.

இதையும் பாட்டியேதான் திறந்துவிட்டார். நான் கேட்கவே இல்லை. ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "எங்க வீட்டுலயும் ஒரு எனாமல் மக் தனியா இருந்துச்சு" என்றார். தோட்ட வேலைக்கு வந்த, ஜூலு மொழி பேசும் ஆப்பிரிக்கருக்கு. சமையலறைக்கு வெளியே, சுவரில் ஒரு ஆணியில் மாட்டியிருக்குமாம், அவரே எடுத்துக் குடித்துவிட்டு அவரே கழுவி மாட்டிவிட்டுப் போவாராம். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொன்னதாகப் பாட்டிக்கு ஞாபகம் இல்லை.

எனக்கு அதைக் கேட்டதும் தஞ்சாவூர்ப் பக்கம் என் ஆத்தாவின் வீட்டுக் கொல்லைப்புறம் ஞாபகம் வந்தது. அங்கே ஆணி இல்லை, மாடம். மாடத்தில் கவிழ்த்து வைத்த ஒரு அலுமினியத் தம்ளர். களத்து வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் செம்பிலிருந்து அதில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், செம்பு தம்ளரில் பட்டுவிடாமல் கையை உயர்த்தி ஊற்ற வேண்டும் என்று எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தெரியவில்லை. அனுபவிக்காதவர் எழுதலாமா என்று கேட்டீர்கள். ஒதுக்கப்பட்ட அனுபவம் எனக்கு இல்லை. ஆனால் ஒதுக்குகிற கை எப்படி இருக்கும், அது எவ்வளவு இயல்பாக, எந்தக் கெட்ட எண்ணமும் தெரியாமல் உயரும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். மரத்தை எண்ணின அந்த அதிகாரியை அந்தக் கையை வைத்துத்தான் எழுதினேன். தமிழில் இந்தப் பொருளை எழுதுகிற யாருக்கும் சொல்வேன், உங்கள் வீட்டு மாடத்தை முதலில் போய்ப் பாருங்கள். அதை ஒளித்துவைத்துவிட்டு டர்பனைப் பற்றி எழுதினால் எழுத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

மொழியில் ஒரு சிக்கல் வந்தது, எழுதுகிறவர்களுக்குப் பயன்படலாம் என்று சொல்கிறேன். கூலி என்றால் நமக்குச் செய்த வேலைக்குக் கிடைக்கும் காசு. அங்கே அது இந்தியர் எல்லாரையும் குறிக்கிற வசவு, டாக்டராக இருந்தாலும் வக்கீலாக இருந்தாலும் அதே பேர். தமிழில் எழுதும்போது அந்த அடி வாசகருக்கு விழவே விழாது, ஏனென்றால் நம் காதுக்கு அது வசவே இல்லை. அடிக்குறிப்பு போட்டுப் பார்த்தேன், செத்துப்போய்க் கிடந்தது. கடைசியில் நாவல் முழுக்கக் கதைசொல்லி பேசும் இடங்களிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். சம்பளம், காசு, வாரப்பணம், எதுவானாலும் சரி, கூலி மட்டும் வராது. 140 பக்கம் அந்தச் சொல் இல்லாமல் வந்துவிட்டு, பேருந்து நிறுத்தத்தில் ஒரு பையனை அப்படி ஒருவர் கூப்பிடும்போது முதல் தடவையாக வருகிறது. படித்த நண்பர்கள் இரண்டு பேர் அந்த இடத்தில் நிறுத்தினதாகச் சொன்னார்கள்.

இனி நான் செய்யாமல் விட்டது. முடித்த பிரதியிலிருந்து சில அத்தியாயங்களைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன், தமிழ் அவருக்குக் கேட்டால் புரியும், வாசிக்க வராது. டீ கொடுத்த இடத்தில் தலையாட்டினார். எனாமல் மக் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்புறம், "அந்த ஆளுக்கு ஏன் நீ பேரே வைக்கல?" என்றார். வீட்டில் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஜிம் என்று கூப்பிட்டார்களாம், அது அவருடைய பேர் இல்லை, சொந்தப் பேரை யாரும் கேட்டதில்லை. பதினோரு வருடம் அந்த வீட்டுக்கு வந்து போனவர், சட்டைப் பையில் எப்போதும் பாஸ் புத்தகத்தோடு, ஆப்பிரிக்கர்கள் எங்கே போனாலும் கையில் வைத்திருக்க வேண்டிய அடையாளப் புத்தகம் அது, அது இல்லாமல் பிடிபட்டால் சிறை. அதில் அவருடைய பேர் எழுதியிருந்திருக்கும். என் நாவலில் அவர் கடைசிவரை 'தோட்டக்காரர்'தான். எனக்கு ஜூலு தெரியாது, அவர் தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டபின் என்ன பேசினார் என்று எழுத என்னிடம் ஒன்றுமில்லை. சும்மா ஒரு பேரைத் தேடிப்பிடித்து ஒட்டவைக்க மனம் வரவில்லை. அந்த இடத்தை அப்படியே விட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தேன், இப்போது ஜூலு படித்துக்கொண்டிருக்கிறேன்.