போனில் பென்டிரைவ் மாட்டுவது: கேளுங்கள், சொல்கிறேன்

வேலூர் சத்துவாச்சாரியில் 12 வருடமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பென்டிரைவை நேராகப் போனில் மாட்டினால் ஏன் வரவில்லை, வந்தால் ஏன் பாதியில் நிற்கிறது என்று தினமும் நாலு பேராவது கேட்கிறார்கள். இன்று சாயங்காலம் முழுக்க அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போன் என்ன மாடல், பென்டிரைவ் எத்தனை ஜிபி, எந்த கனெக்டர் என்று சேர்த்து எழுதினால் பதில் சீக்கிரம் வரும்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: அண்ணா, ரியல்மி போன், டைப்-சி. பென்டிரைவைப் போனோடு இணைக்கும் குட்டி ஓடிஜி கனெக்டர் ஒன்றை 50 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். பென்டிரைவில் லைட்கூட எரியவில்லை. போன் கெட்டுவிட்டதா?

போன் கெட்டிருக்காது தம்பி. முதலில் செட்டிங்ஸ் போய் தேடும் இடத்தில் ஓடிஜி என்று அடியுங்கள். ரியல்மி, ஓப்போ, ஒன்பிளஸ், விவோ போன்களில் பலவற்றில் இதற்கென்று தனி சுவிட்ச் இருக்கிறது. பத்து நிமிடம் பயன்படுத்தாமல் விட்டால் அதுவே அணைந்துவிடும். நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

சுவிட்ச் போட்டும் வரவில்லையென்றால் கனெக்டரைச் சந்தேகப்படுங்கள். கம்ப்யூட்டரில் மாட்டும்போது கம்ப்யூட்டர்தான் கரன்ட் கொடுத்து வேலை வாங்கும், போன் சொன்னதைக் கேட்கும். பென்டிரைவ் மாட்டும்போது அந்த இடத்துக்குப் போன் வர வேண்டும். அது போனுக்கு எப்படித் தெரியும்? பழைய மைக்ரோ யூஎஸ்பியில் ஐந்து பின் உண்டு, அதில் நாலாவது பின்னை ஓடிஜி கேபிளுக்குள் தரையோடு இணைத்திருப்பார்கள், அதைப் பார்த்துப் போன் புரிந்துகொள்ளும். டைப்-சியில் அந்த வேலையைச் செய்வது கனெக்டருக்குள் இருக்கும் 5.1 கிலோ ஓம் மின்தடை. மலிவான கனெக்டரில் அது இல்லாமலும் இருக்கலாம், சரியாகப் பற்ற வைக்காமலும் இருக்கலாம். அப்படியிருந்தால் போன் கரன்ட்டே விடாது, லைட்டும் எரியாது.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி, கம்ப்யூட்டர் மவுஸ் ஒன்றை அதே கனெக்டரில் மாட்டுங்கள். திரையில் அம்புக்குறி வந்தால் போனும் கனெக்டரும் நல்லதுதான், கோளாறு பென்டிரைவில். வராவிட்டால் வேறு கனெக்டர் வாங்குங்கள். அதற்கு முன்னால் போனின் சார்ஜ் துளையைக் கொஞ்சம் பாருங்கள், பாக்கெட் பஞ்சு அடைத்திருந்தால் போனை அணைத்துவிட்டு மரக் குச்சியால் மெதுவாக எடுக்கலாம். ஊசி, சேஃப்டி பின் வேண்டவே வேண்டாம்.

ஆரணி, பட்டு நெசவு: லைட் எரிகிறது அண்ணா. ஆனால் "இந்த டிரைவ் ஆதரிக்கப்படவில்லை, ஃபார்மேட் செய்யவும்" என்று வருகிறது. உள்ளே சேலை பார்டர் டிசைன் எல்லாம் இருக்கிறது, தறியில் டிசைன் போடும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிக்கு ஏற்றுவது. அமுக்கலாமா?

அமுக்காதீர்கள். பின்னால் போங்கள், வெளியே எடுங்கள். அமுக்கினால் டிசைன் அத்தனையும் போகும்.

பென்டிரைவ் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் என்ற முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். அது விண்டோஸுக்காகச் செய்தது, பல ஆண்ட்ராய்டு போன்கள் அதைப் படிக்காது. படிக்கத் தெரியாததால்தான் காலி டிரைவ் மாதிரி நினைத்து ஃபார்மேட் செய்யச் சொல்கிறது. கம்ப்யூட்டரில் மாட்டினால் எல்லாம் அப்படியே இருக்கும். முதலில் அங்கே ஒரு காப்பி எடுத்து வையுங்கள். ஜக்கார்டு பெட்டி இப்போது படித்துக்கொண்டிருக்கும் பென்டிரைவில் கை வைக்காதீர்கள், போனுக்கென்று தனியாக ஒன்று வாங்கி எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் செய்து, டிசைனை அதில் போட்டுக்கொள்ளுங்கள். தறிக்கு ஒன்று, போனுக்கு ஒன்று.

செய்யாறு பக்கம், கூத்து பார்க்கிறவர்: எங்கள் ஊரில் பாரதக் கூத்து நடந்தது. இரவு பத்து மணியிலிருந்து விடியும் வரை போனிலேயே எடுத்தேன், நீளமான வீடியோக்கள். 32 ஜிபி பென்டிரைவில் ஏற்றினால் சின்னது போகிறது, பெரியது "இடமில்லை" என்கிறது. இடம் இருக்கிறதே அண்ணா?

இடம் இருந்தாலும் வராது. உங்கள் பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைலின் அளவை எழுத 32 பிட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், அதனால் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தத் தடை இல்லை. மைக்ரோசாஃப்ட் அதை 2006லேயே கொண்டுவந்தது, ஆனால் அதன் விவரங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது 2019ல்தான். அதனால் பழைய போன் சிலவற்றில் வராது, சமீபத்திய போன்களில் பெரும்பாலும் வரும். உள்ளே இருப்பதை வேறு இடத்தில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட் செய்யுங்கள். வீட்டு டிவியில் போட்டுப் பார்ப்பீர்கள் என்றால் டிவி அதைப் படிக்கிறதா என்று முதலில் ஒரு சின்ன வீடியோ போட்டுப் பாருங்கள், பழைய டிவிகள் ஃபேட்32 மட்டும்தான் படிக்கும்.

இன்னொரு கணக்கு. சாதாரண முழு எச்டி வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி. எட்டு மணி நேரக் கூத்துக்கு 60 ஜிபிக்கு மேல் வரும். 32ம் போதாது, 64ம் இழுபறிதான், 128 வாங்குங்கள். ஏற்றவும் நேரம் ஆகும். மலிவான பென்டிரைவ் நொடிக்கு 8 எம்பி எழுதினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். போனில் சார்ஜ் முழுக்க ஏற்றிவிட்டு ஆரம்பியுங்கள், இந்த வெயிலில் போனையும் பென்டிரைவையும் தலையணை மேல் வைக்காதீர்கள், இரண்டும் சூடாகும்.

அப்புறம், நான் எல்லோரிடமும் சொல்வது: காப்பி செய்யுங்கள், திறந்து பாருங்கள், அதற்குப் பிறகு அழியுங்கள். "நகர்த்து" என்பதை அமுக்கவே அமுக்காதீர்கள், பாதியில் கனெக்டர் அசைந்தால் இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் போகும். பென்டிரைவில் ஒன்று, வீட்டுக் கம்ப்யூட்டரிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ இன்னொன்று. வயதான வாத்தியார் கட்டிய வேஷம் அடுத்த வருடம் அதே மாதிரி கிடைக்காது.

வாணியம்பாடி: அண்ணா, 2 டிபி பென்டிரைவ் 400 ரூபாய்க்குக் கிடைத்தது. மாடு விடும் விழா வீடியோ எல்லாம் ஏற்றினேன். முதலில் போட்டது திறக்கிறது, பின்னால் போட்டது எதுவும் திறக்கவில்லை.

அது போலி. உள்ளே 16 அல்லது 32 ஜிபிதான் இருக்கும், 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் சிப்பை மாற்றியிருப்பார்கள். நிறைந்த பிறகு பெயர் மட்டும் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. அந்த விலைக்கு 2 டிபி யாராலும் தர முடியாது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராம் உண்மையான அளவைச் சொல்லிவிடும். இனி எதையும் அதில் போடாதீர்கள், திருப்பிக் கொடுங்கள்.

வாலாஜா: லைட் எரியவில்லை.

முதல் பதில்.

குடியாத்தம், வீட்டில் இருக்கும் அம்மா: தம்பி, கெங்கையம்மன் சிரசு திருவிழா வீடியோ எல்லாம் பென்டிரைவில் ஏற்றினேன். முடிந்தது என்று வந்ததும் பிடுங்கிவிட்டேன். கேலரியில் இருந்ததையும் அழித்துவிட்டேன். இப்போது பென்டிரைவில் பெயர் இருக்கிறது, வீடியோ ஓடவில்லை.

அம்மா, பென்டிரைவை இனி எதிலும் மாட்டாதீர்கள், புதிதாக ஒன்றும் ஏற்றாதீர்கள். கேலரியில் எப்போது அழித்தீர்கள்? எந்த ஆப்பில் பார்ப்பீர்கள்?

"முடிந்தது" என்று திரையில் வருவது போன் தன் பங்கை முடித்ததைச் சொல்கிறது. கடைசிப் பகுதி இன்னும் போனின் நினைவகத்திலேயே காத்திருக்கும், பென்டிரைவில் எழுதி முடிய அரை நிமிடம்கூட ஆகலாம். அறிவிப்புப் பட்டியில் "வெளியேற்று" என்று இருக்கிறதே, அதை அமுக்கினால்தான் மிச்சத்தை எழுதிவிட்டு விடுவிக்கும்.

ராணிப்பேட்டை: பத்து வருடமாக வெளியேற்று கொடுக்காமல் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. இது பழைய காலத்துப் பயம்.

உங்களுக்கு ஆகவில்லை என்பது சரி. அந்த அம்மாவுக்கு ஆகியிருக்கிறதே.

ராணிப்பேட்டை: விண்டோஸிலேயே 2018க்குப் பிறகு தேவையில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லிவிட்டது.

சொன்னது உண்மை. விண்டோஸ் 10ன் 2018 அக்டோபர் பதிப்பிலிருந்து "உடனடியாக நீக்கலாம்" என்பதுதான் வழக்கமான அமைப்பு. அதாவது விண்டோஸ் எழுதுவதைக் கிடப்பில் போடாது, அதனால் கொஞ்சம் மெதுவாக எழுதும். அதிலும் எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கக் கூடாது. நாம் பேசுவது ஆண்ட்ராய்டு. அது லினக்ஸ் வழி வந்தது, எழுத வேண்டியதை நினைவகத்தில் சேர்த்து வைத்து எழுதும் பழக்கம் அதற்கு உண்டு. ஒன்றின் விதியை இன்னொன்றுக்குப் போட முடியாது.

ஆற்காடு: அண்ணன் சொல்வது சரி. எனக்கும் கல்யாண போட்டோ இப்படித்தான் போனது.

ராணிப்பேட்டை: அப்படியென்றால் ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டுப் பிடுங்கினால்? அப்போதும் வெளியேற்று வேண்டுமா?

நியாயமான கேள்வி. ஒரு நிமிடம் காத்திருந்தால் பெரும்பாலும் எழுதி முடிந்திருக்கும். ஆனால் பின்னணியில் ஏதாவது ஆப் பென்டிரைவைத் துழாவிக்கொண்டிருக்கலாம், அது உங்களுக்குத் தெரியாது. இன்னொன்று, ஃபேட்32ல் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாக இரண்டு பிரதி இருக்கும், எக்ஸ்ஃபேட்டில் வழக்கமாக ஒன்றுதான். அந்த ஒன்றில் பாதி எழுதும்போது பிடுங்கினால் முன்பு போட்ட ஃபைலுக்கும் சேதம் வரலாம். பெரிய வீடியோவுக்காக எல்லோரையும் எக்ஸ்ஃபேட்டுக்குப் போகச் சொல்லும் நானே அதனால்தான் வெளியேற்று கொடுங்கள் என்று மன்றாடுகிறேன். இரண்டு தட்டுதான். ஒரு நிமிடம் காத்திருக்கப் பொறுமை இருக்கிறவருக்கு இரண்டு தட்டு கஷ்டமா?

ராணிப்பேட்டை: அட்டவணை விஷயம் எனக்குத் தெரியாது. சரி, போனில் கொடுத்துவிடுகிறேன். விண்டோஸில் கொடுக்க மாட்டேன்.

சரி.

போளூர்: அண்ணா, விவோ போன், பென்டிரைவில் லைட் எரியவில்லை.

முதல் பதிலைப் படியுங்கள். ஓடிஜி சுவிட்ச், அப்புறம் மவுஸ். ஒரு மணி நேரத்தில் இதே கேள்வி மூன்று முறை வந்துவிட்டது, எழுதியதையே எழுதிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஆம்பூர்: ஜெராக்ஸ் கடையில் கொடுத்து வாங்கிய பென்டிரைவில் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது. போனில் மாட்டினால் போனுக்கும் வைரஸ் வருமா பாய்?

வராது பாய், அது விண்டோஸுக்கு எழுதிய வைரஸ், ஆண்ட்ராய்டில் ஓடாது. போனில் மாட்டிப் பார்ப்பதே நல்லது. அந்த வைரஸ் உங்கள் ஃபைல்களைப் பெரும்பாலும் அழிப்பதில்லை, மறைத்துத்தான் வைக்கிறது. விண்டோஸ் மறைத்துக் காட்டுவதைப் போன் சாதாரணமாகவே காட்டும். பெயரே இல்லாத ஃபோல்டர் ஒன்று இருந்தால் அதற்குள் பாருங்கள், எல்லாம் அங்கே குவிந்திருக்கும். வேண்டிய போட்டோ, பிடிஎஃப் மட்டும் போனுக்கு எடுத்து, திறந்து பார்த்துவிட்டு, பென்டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். தெரியாத ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் ஃபைல்) ஏதாவது கிடந்தால் மட்டும் தொடாதீர்கள்.

திருப்பத்தூர்: ஐபோனில் முடியுமா?

முடியும். 2019ல் வந்த ஐஓஎஸ் 13லிருந்து ஃபைல்ஸ் ஆப்பில் தெரியும். ஐபோன் 15லிருந்து டைப்-சி, நேராக மாட்டலாம். அதற்கு முந்தையதற்கு லைட்னிங் அடாப்டர் வேண்டும், சார்ஜர் செருகும் துளையும் சேர்ந்திருப்பதை வாங்குங்கள்.

அரக்கோணம்: 1 டிபி ஹார்ட் டிஸ்க் மாட்டினால் டக் டக் என்று சத்தம் வந்து நின்றுவிடுகிறது.

உடனே கழற்றுங்கள். போன் கொடுக்கும் கரன்ட் அதற்குப் போதவில்லை. தனியாகக் கரன்ட் எடுக்கும் யூஎஸ்பி ஹப் வழியாக மாட்டுங்கள். அதிலும் சத்தம் வந்தால் டிஸ்க்கே கோளாறு.

காட்பாடி: வாட்ஸ்அப் போட்டோ எங்கே இருக்கிறது அண்ணா? பென்டிரைவில் போடத் தேடினால் கிடைக்கவில்லை.

போனின் உள் நினைவகத்தில் ஆண்ட்ராய்டு, அதற்குள் மீடியா, அதற்குள் காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மறுபடி மீடியா.

வேலூர்: 15,000 ரூபாய்க்குள் நல்ல போன் எது?

அது இன்றைக்கு இல்லை தம்பி.

குடியாத்தம் அம்மா: தம்பி, நேற்று இரவுதான் அழித்தேன். கூகுள் போட்டோஸ்.

அப்படியென்றால் வாய்ப்பு இருக்கிறது அம்மா. கூகுள் போட்டோஸில் அழித்தது உடனே போகாது. குப்பைத் தொட்டி என்று ஒரு இடம் இருக்கிறது, போனில் மட்டும் இருந்தது அங்கே 30 நாள் இருக்கும், மேகத்தில், அதாவது கூகுளின் இணையச் சேமிப்பில் ஏற்றியிருந்தால் 60 நாள். "சேகரிப்புகள்" அல்லது "லைப்ரரி" பகுதியில் தேடுங்கள். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், நான் இங்கேயேதான் இருக்கிறேன்.

செய்யாறு: அண்ணா, 128 ஜிபி வாங்கி எக்ஸ்ஃபேட் செய்தாயிற்று. 7 ஜிபி வீடியோ ஒன்று ஏறிவிட்டது. போனில் இருப்பதை அழிக்கலாமா?

பென்டிரைவில் இருப்பதைத் திறந்து, கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். அறுந்துபோன ஃபைல் பெரும்பாலும் கடைசியில்தான் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது காப்பி எடுக்கும் வரை போனிலிருந்து எதையும் அழிக்காதீர்கள்.

குடியாத்தம் அம்மா: இருக்கிறது தம்பி! பதினோரு வீடியோவும் இருக்கிறது. அம்மன் சிரசு வருவதும் இருக்கிறது.

ரொம்ப சந்தோஷம் அம்மா. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து "மீட்டெடு" கொடுங்கள், கேலரிக்கே வந்துவிடும். இன்று ராத்திரி மறுபடி ஏற்ற வேண்டாம். நாளை பத்து மணிக்குக் கடை திறப்பேன், குடியாத்தத்திலிருந்து வருவது சிரமம் என்றால் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் யாராவது இருக்கும்போது போன் செய்யச் சொல்லுங்கள், கூடவே இருந்து ஏற்ற வைக்கிறேன். அந்தப் பழைய பென்டிரைவை முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், அதில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் யோசித்து வையுங்கள்.